சேலத்திலிருந்து அமெரிக்கா போகும் பிள்ளைக்கு: பள்ளிப் படிப்பைக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றும் வழி

ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளியில் பரீட்சை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பரீட்சைக்குப் பெயர் பதிவது, மார்க் ஷீட் வந்தால் சரிபார்த்து பீரோவில் பூட்டுவது, வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புவது எல்லாம் என் மேசையில்தான் நடக்கும். ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் பள்ளிப் பெற்றோர் மட்டுமல்ல, தெரிந்தவர் மூலமாக சேலத்திலிருந்தும் ஆட்கள் மலையேறி வருவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வருவார், அம்மாபேட்டையில் தறி போட்டவர் வருவார். “அட்மிஷன் கிடைச்சிருச்சுங்க மேடம், இனி பணம்தான்” என்பார்கள். பேங்க் லோனுக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் எல்லோரையும் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: பிள்ளை இங்கே ஏற்கெனவே படித்ததில் எவ்வளவை அந்தப் பல்கலைக்கழகம் தன் பட்டத்தில் வரவு வைக்கும்? கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்தை கிரெடிட்டில் அளக்கிறார்கள். செமஸ்டர் முறையில் நடக்கும் பல்கலைக்கழகங்களில் சுமார் 120 கிரெடிட் சேர்ந்தால் பட்டம். சாதாரணப் பாடம் 3 கிரெடிட், ஆய்வகத்தோடு வரும் அறிவியல் பாடம் 4. செமஸ்டருக்கு 15 வீதம் எட்டு செமஸ்டர் என்பது வழக்கமான நடை. சில இடங்களில் வருடத்தை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை இருக்கிறது. அங்கே அதே பட்டத்துக்கு 180 கேட்பார்கள். ஆகவே 8 குவார்ட்டர் கிரெடிட் என்று பார்த்ததும் மகிழ வேண்டாம், செமஸ்டர் கணக்கில் அது ஐந்தரைகூட இல்லை.

அடுத்தது, முடிவு எடுப்பவர் யார் என்பது. வெளிநாட்டுப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று நம் நாட்டில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இணைச் சான்று தருகிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு மத்திய அமைப்பு கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு விதி வைத்திருக்கும், ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இன்ஜினியரிங் கல்லூரி ஒரு விதி, கலைக் கல்லூரி இன்னொரு விதி என்றும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வருடம் கழிந்தது என்பதை வைத்து நம் பிள்ளைக்கும் கழியும் என்று நினைக்கக் கூடாது.

கையில் இருப்பது எந்தச் சான்றிதழ்

ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பிள்ளைகளுக்குச் சொல்லக் கஷ்டமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிளஸ் டூவை அங்கே பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்ததற்கான சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். 600க்கு 590 வாங்கியிருந்தாலும் அதற்காகத் தனியாகக் கிரெடிட் வராது. பிள்ளைக்குப் பாடம் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. நம் ஸ்டேட் போர்டு பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் பகுதி வகைக்கெழு இருக்கிறது, வகைக்கெழுச் சமன்பாடு இருக்கிறது. அங்கே கல்லூரி முதல் வருடத்தில் நடத்துவதில் நிறைய இவர்கள் முடித்ததுதான். தெரியும் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கிற ஒரு பரீட்சை மூலம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பரீட்சைகளில் முதன்மையானது ஏ.பி., அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். அமெரிக்காவின் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது, மே மாதத்தில் வரும், மதிப்பெண் 1 முதல் 5 வரை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 3 வாங்கினாலே ஏதாவது ஒரு கிரெடிட் உண்டு. போட்டி அதிகமுள்ள இடங்களில் 4 அல்லது 5 கேட்பார்கள். சில இடங்களில் அடியோடு இல்லை. டார்ட்மவுத் கல்லூரி 2014இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. ஏ.பி. எழுத அந்தப் பாடத்தைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த போர்டு பிள்ளையும் எழுதலாம். ஆனால் பதிவு முந்தின வருடத்திலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ஆரம்பித்த ஜூன் மாதத்திலேயே மையத்தைத் தேட ஆரம்பியுங்கள், சேலத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய் எழுத வேண்டியிருக்கும்.

எந்தப் பாடம் எடுப்பது? கணிதப் பிரிவுப் பிள்ளை என்றால் கால்குலஸ் பி.சி. எடுங்கள் என்பேன். அதற்குள்ளேயே சின்னப் பரீட்சையான கால்குலஸ் ‘AB’யின் உள்மதிப்பெண்ணும் தனியாக வந்துவிடும், இரண்டு பணம் கட்ட வேண்டியதில்லை. நம் புத்தகத்தில் இல்லாத முக்கியமான பகுதி என்று பார்த்தால், முடிவிலித் தொடர்கள் ஒருங்குமா விரியுமா என்று சோதிக்கும் முறைகள். அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். போர்டு பரீட்சை மார்ச்சில் முடிந்தால் ஏப்ரல் முழுவதும் அதற்கு இருக்கிறது. இயற்பியலில் ‘சி’ வகையைப் பாருங்கள், அது இயக்கவியல் ஒன்று, மின்னியல் ஒன்று என்று இரண்டு தனிப் பரீட்சை. இன்ஜினியரிங் துறைகள் கால்குலஸ் கலந்த இதைத்தான் மதிக்கும். ஜே.இ.இ.க்கும் நீட்டுக்கும் கூடவே ஓடுகிற பிள்ளையிடம் நான்கைந்து ஏ.பி. திணிக்காதீர்கள். நன்றாக வருகிற இரண்டு போதும்.

பிளஸ் டூ இடத்தில் கேம்பிரிட்ஜ் ஏ லெவல் எழுதிய பிள்ளைகளின் நிலை இதைவிடச் சுலபம். உதாரணத்துக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் ஏ லெவல் ஒரு பாடத்தில் ஏ, பி அல்லது சி வாங்கினால் 8 செமஸ்டர் கிரெடிட் வரை உண்டு. மூன்று பாடம் என்றால் 24, கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பக்கம். வேறு பல்கலைக்கழகங்களில் பி-க்குக் கீழே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏ லெவலின் முதல் பாதியான ஏ.எஸ். மட்டத்தோடு நிறுத்தியவர்களுக்குப் பல இடங்களில் ஒன்றும் கிடைக்காது. எனவே நடுவில் ஒரு பாடத்தை விடப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், விடுகிற பாடம் எது என்று யோசித்துவிட்டு விடச் சொல்லுங்கள்.

இதில் இந்தியப் பள்ளிகளுக்கு மட்டும் இருக்கும் ஒரு வசதியைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. கேம்பிரிட்ஜ் இங்கே மார்ச் மாதத்திலும் ஒரு சுற்றுப் பரீட்சை நடத்துகிறது, அதன் முடிவு மே மாதத்தில் வந்துவிடும். ஜூன் சுற்றில் எழுதினால் முடிவு ஆகஸ்டில்தான் வரும். அமெரிக்காவில் அநேக இடங்களில் ஆகஸ்டிலேயே வகுப்பு தொடங்கிவிடும். முடிவு கையில் இல்லாமல் பாடம் தேர்ந்தெடுக்கப் போனால், ஏற்கெனவே தெரிந்த கால்குலஸிலேயே மறுபடி உட்கார வைப்பார்கள். உங்கள் பள்ளி மார்ச் சுற்றைத் தருகிறதா, பிள்ளையின் பாடங்கள் அதில் உண்டா என்று பதினோராம் வகுப்பிலேயே கேளுங்கள்.

ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) டிப்ளமோ என்றால் ‘ஹையர் லெவல்’ பாடங்களில்தான் பலன். 7க்கு 5 அல்லது அதற்கு மேல் கேட்பது வழக்கம். ‘ஸ்டாண்டர்டு லெவல்’ பாடங்களுக்கு மிகச் சில இடங்களே தருகின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: டிப்ளமோ முடித்து, எழுதிய பாடங்களில் 4க்குக் குறையாமல் வாங்கியிருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தது 24 கிரெடிட் தர வேண்டும். டெக்சாஸில் இடம் கிடைத்த ஐ.பி. பிள்ளைகள் இதைச் சொல்லிக் கேட்கத் தயங்கவே கூடாது.

மே 1க்கு முன்னால் எழுதிக் கேளுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் சேருகிறேன் என்று முன்பணம் கட்டக் கடைசி நாள் மே 1. இரண்டு மூன்று இடங்களிலிருந்து அட்மிஷன் வந்திருந்தால், உதவித்தொகையை ஒப்பிடுகிற அதே தாளில் கிரெடிட்டையும் எழுதி ஒப்பிடுங்கள். ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்கு 5,000 டாலர் அதிகமாக உதவித்தொகை தரலாம். ஆனால் இன்னொன்று ஒரு முழு வருடத்தையே கழித்துக்கொடுத்தால் அந்த வருடத்துச் சாப்பாடு, வாடகை, காப்பீடு எல்லாம் சேர்ந்து மிச்சம்.

முதலில் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கிரெடிட் அட்டவணையைத் தேடுங்கள். ஏ.பி., ஐ.பி., ஏ லெவல் மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கும். எந்த வருடம் சேருகிறவர்களுக்கு அது என்று மேலே போட்டிருக்கும், அதைப் பார்க்க மறக்காதீர்கள். தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள், விதி மாறிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு மெயில். பிள்ளையே எழுதட்டும், அப்பா பெயரிலிருந்து போகும் மெயிலுக்குப் பெரும்பாலும் பதில் வராது, மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் விவரத்தை வேறு ஆளிடம் பேச மாட்டார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த அதே பெயர், விண்ணப்ப எண், எந்த போர்டு, பாடத்தின் பெயரும் எண்ணும், எழுதிய அல்லது எழுதப்போகும் மாதம், எதிர்பார்க்கும் கிரேடு. இவ்வளவு போதும், வாழ்க்கை வரலாறு வேண்டாம். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கேள்வி: எத்தனை கிரெடிட்? உங்கள் பட்டியலில் எந்தப் பாடத்துக்கு ஈடாக வைப்பீர்கள்? அது என் முதன்மைப் பாடத்தின் தேவையில் கழியுமா, விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் சேருமா?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ‘8 கிரெடிட் தந்தோம்’ என்று எழுதிவிட்டு அதை விருப்பப் பாடத்தில் போட்டுவிட்டால், விருப்பப் பாடத்துக்கே இடமில்லாத இன்ஜினியரிங் பிள்ளைக்கு அதனால் ஒரு நாள்கூடக் குறையாது.

போனில் பேசுவது என்றால் நம் இரவு ஏழரை மணி அவர்களுடைய கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் காலை பத்து மணி. கலிஃபோர்னியா என்றால் அதே காலை பத்து மணி நமக்கு இரவு பத்தரை. பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி, ‘இப்படித்தான் சொன்னீர்கள், சரிதானே’ என்று கேட்டு உறுதி வாங்கிவிடுங்கள்.

சான்றிதழ் போய்ச் சேரும் வழி

சேலத்தில் பலர் நோட்டரியிடம் முத்திரை வாங்கி, கலர் ஜெராக்ஸ் எடுத்து கூரியரில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது அங்கே செல்லாது. அவர்கள் ‘அஃபிஷியல்’ என்று கேட்டால் பரீட்சை நடத்திய அமைப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நேரடியாகப் போக வேண்டும். பள்ளியிலிருந்து என்றால், நாங்கள் நகலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை குத்தித் தருவோம். அந்த உறையைப் பிரிக்காமல் அனுப்ப வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசையாகப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு, மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

ஏ.பி. மதிப்பெண்ணை காலேஜ் போர்டு கணக்கிலிருந்து பிள்ளையே அனுப்பலாம். எழுதிய வருடத்தில் ஜூன் 20க்குள் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கே இலவசமாகப் போகும். அதற்குள் எங்கே சேருவது என்று முடிவாகியிருக்கும், வீணாக்காதீர்கள். ஐ.பி. முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும், அதை அனுப்பச் சொல்லிப் பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். நம் போர்டு மார்க் ஷீட்டை டிஜிலாக்கரிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றால் எங்கள் உறை கீழே இறங்காது, டிஜிலாக்கருக்கு அந்தக் கவலை இல்லை.

சில பல்கலைக்கழகங்கள், குறிப்பாக இரண்டு வருடப் படிப்புத் தரும் கம்யூனிட்டி காலேஜ்கள், வெளி மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்கும். நேசஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராக உள்ள டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்றவை அதைச் செய்கின்றன. அவர்கள் கருத்துதான் சொல்வார்கள், கிரெடிட் தருவது பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் எழுத்தில் கேட்காதவரை அதற்குப் பணம் கட்டாதீர்கள். கேட்டால் எந்த நிறுவனம், எந்த வகை அறிக்கை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. நம் மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஏ.பி. கணக்கைத் திறந்தபோது பிள்ளை ஏதோ சுருக்கி அடித்திருக்கும். மூன்றும் மூன்று ஆள் போல அவர்கள் கணினியில் விழும். மதிப்பெண் வந்தும் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். பத்தாம் வகுப்பு முடிந்ததுமே பாஸ்போர்ட் எடுத்து, அதில் உள்ளபடியே எல்லாப் பரீட்சைக்கும் பதியுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். அதோடு ஒரு மாணவி நான்கு வருடம் இருப்பதைவிட, இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்குவது நல்லது.

அப்புறம், ஆய்வக ரெக்கார்டு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வேதியியல், உயிரியலில் நான்காவது கிரெடிட்டைத் தருவதற்குமுன் ஆய்வகத்தில் என்ன செய்தாய் என்று துறை கேட்பதுண்டு. ஐ.எஸ்.சி. இயற்பியலில் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வு போக மீதி 30 செய்முறை, புராஜெக்ட், ரெக்கார்டு என்று பிரிந்திருக்கும். அந்தப் பிரிவையும் நோட்டையும் காட்டினால் பேச்சு சுலபமாகும்.

எதை வாங்குவது, எதை விடுவது

கிடைப்பதை எல்லாம் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலம், பொருளாதாரம், வரலாறு போன்ற பொதுப்பாடத் தேவைகளில் கழிவதைத் தயங்காமல் வாங்குங்கள். கால்குலஸ் முதல் பாடமும் சரி. இரண்டாவது கால்குலஸ் வரை தருகிறேன் என்று சொன்னால், அந்தத் தொடர்கள் பகுதி உண்மையிலேயே தெரியுமா என்று பிள்ளையை நேர்மையாகக் கேளுங்கள். ஏ லெவல் கணிதத்திலும் (பாட எண் 9709) அது ஆழமாக இல்லை. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டினது போல மூன்றாவது கால்குலஸில் திணறக் கூடாது. மருத்துவம் படிக்கும் எண்ணமுள்ள பிள்ளைகள் உயிரியல், வேதியியல் கிரெடிட்டில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அங்கே பல மருத்துவக் கல்லூரிகள் அடிப்படைப் பாடங்களைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன.

கிரெடிட் வேறு, விலக்கு வேறு. நம் பிள்ளைகளுக்கு விலக்கு நன்றாக உதவும் இடம் மொழிப் பாடம். பல பட்டங்களுக்கு ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி இரண்டு மூன்று செமஸ்டர் படிக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் படித்ததைக் காட்டினால் அந்தத் தேவையிலிருந்து விடுவிக்கும் இடங்கள் இருக்கின்றன. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போலத் தமிழே கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் சோதித்துப் பார்க்க ஆளும் உண்டு. இதனால் கிரெடிட் எண்ணிக்கை அதிகமாகாது, ஆனால் அந்த இடத்தில் பிடித்த வேறு பாடம் படிக்கலாம். அம்மாபேட்டைப் பெண் ஒருத்தி ஸ்டேட் போர்டு தமிழ் மதிப்பெண்ணை வைத்து இப்படித்தான் ஸ்பானிஷிலிருந்து விடுபட்டு, அந்த நேரத்தில் புள்ளியியல் எடுத்தாள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

பணம் எப்படி மிச்சமாகும் என்பதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் 12 கிரெடிட் எடுத்தாலும் 18 எடுத்தாலும் ஒரே கட்டணம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 எடுத்தே ஆக வேண்டும். ஆகவே ஆறு கிரெடிட் வந்துவிட்டது என்று அந்த செமஸ்டர் ஃபீஸ் குறையாது. ஒரு முழு செமஸ்டரே கழிகிற அளவுக்குச் சேர்ந்தால்தான் ரூபாயில் பலன். அப்படி முன்கூட்டியே முடிப்பதாக இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு செமஸ்டர் முன்னாலேயே சொல்லுங்கள், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் உள்ள முடிவுத் தேதியை மாற்ற வேண்டியிருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே பிள்ளை தன் பட்டக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரே பாடத்தை ஏ.பி.யிலும் ஏ லெவலிலும் எழுதியிருந்தால் ஒரு முறைதான் வரவு வைப்பார்கள், அதில் சண்டை போட வேண்டாம். கிரெடிட் வந்த பாடத்தையே மறுபடி பதிவு செய்துவிட்டால் வந்தது ரத்தாகிவிடும், அதில் கவனம். பாட எண் இல்லாமல் பொதுவாக விழுந்திருந்தால் துறைக்கு மனு போடலாம். எங்கள் பள்ளிப் பையன் ஒருவனுக்கு ஏ லெவல் கணிதம் வெறும் விருப்பப் பாடமாக விழுந்திருந்தது. பாடத்திட்டத்தில் கால்குலஸ் வரும் பக்கங்களைக் குறித்து, எழுதிய தாள்களின் பட்டியலோடு கணிதத் துறைக்கு அனுப்பினான், முதல் கால்குலஸுக்கு ஈடாக மாற்றிக் கொடுத்தார்கள். பாடத்திட்டத்தை ஊரிலேயே பதிவிறக்கி, தான் எழுதிய வருடத்துக்கு உரியதா என்று பார்த்து எடுத்துப் போங்கள்.

இதில் ஒன்றும் கைகூடாத பிளஸ் டூ பிள்ளைக்கும் அங்கே போன பிறகு இரண்டு வழி மிச்சம் இருக்கிறது. ஒன்று, துறையே நடத்தும் சோதனைத் தேர்வு. இன்னொன்று காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் என்ற பரீட்சை. 20 முதல் 80 வரை மதிப்பெண், 50 வாங்கினால் பல கல்லூரிகள் 3 கிரெடிட்டோ அதற்கு மேலோ தரும், தவறினால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். எந்தெந்த கிளெப் பாடங்களை ஏற்கிறீர்கள் என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, முதல் செமஸ்டர் பாடங்களைப் பதிவதற்கு முன்னாலேயே தேதி வாங்கச் சொல்லுங்கள்.